எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: அலுவலகத்தில் யாரிடம், எவ்வளவு சொல்வது?

பித்தப்பைக் கல்லுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட சக ஊழியரைப் பார்க்க எங்கள் அலுவலகமே ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனது. குடலிறக்கத்துக்காக மருத்துவமனையில் இருந்தவருக்கும் அதே மரியாதை கிடைத்தது. எடையைக் குறைக்க அறுவை சிகிச்சை என்று சொன்னால் ஆப்பிள் வராது, அறிவுரைதான் வரும் என்பது எனக்குத் தெரியும். கொள்ளு ரசம் குடி, இரவில் சோற்றை நிறுத்து, காலையில் எழுந்து நட. மற்ற நோய்கள் எல்லாம் நமக்கு வந்தவை. எடை மட்டும் நாமே வரவழைத்துக்கொண்டது. இப்படித்தான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். மருத்துவரிடம் போகும்வரை நானும் பாதி அப்படித்தான் நினைத்திருந்தேன்.

திருப்பூரில் ஒரு பையிங் ஆபீஸில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கிற பனியனை இங்குள்ள தொழிற்சாலையில் தைக்கவைத்து, சாம்பிளுக்கு ஒப்புதல் வாங்கி, குறித்த தேதியில் கப்பலேற்றும் வரை பின்னால் நிற்கிற வேலை. என் உயரம் 158 செ.மீ., எடை 104 கிலோ, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற பி.எம்.ஐ. எண் 41-ஐத் தாண்டியிருந்தது. சர்க்கரைக்கு மாத்திரை கூடிக்கொண்டே போனது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. கோயம்புத்தூரில் நான் பார்த்த அறுவை மருத்துவர் ‘ஸ்லீவ்’ முறையைப் பரிந்துரைத்தார். சிறு துளைகள் வழியாக (லேப்ராஸ்கோப்பி) இரைப்பையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அகற்றிவிட்டு, மீதியைக் குழாய் போல விடுவார்கள். இரண்டு மூன்று நாள் மருத்துவமனை, உட்கார்ந்து பார்க்கிற வேலையென்றால் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பலாம் என்றார். செய்துகொள்வது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அலுவலகத்தில் என்ன சொல்வது என்பதுதான் பாக்கி.

அவசர அறுவை சிகிச்சைக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்தால் கணவர் ஒரு போன் செய்தால் போதும். நாள் பார்த்துச் செய்துகொள்கிற சிகிச்சைக்கு அந்த வசதி இல்லை. “சீசன் முடிந்ததும் வைத்துக்கொள்ளலாமே” என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொல்கிறவர் மேல் குற்றமும் இல்லை. ஆனால் சீசன் முடிவதே இல்லை. திருப்பூரில் ஆர்டர் இல்லாத மாதம் என்று ஒன்று வந்தால், அது அறுவை சிகிச்சைக்கு ஏற்ற மாதமல்ல, சம்பளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய மாதம்.

வேலை போய்விடும் என்று நான் பயப்படவில்லை. நான் பயந்தது கனிவுக்கு. “பாவம், உடம்பு சரியில்லாத பெண், இந்தப் பெரிய வாடிக்கையாளரை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்” என்று யாராவது ஒருவர் நல்லெண்ணத்தோடு சொல்லிவிட்டால், ஆண்டுக்கணக்காக நான் கட்டிய வாடிக்கையாளர் உறவு ஒரே கூட்டத்தில் கைமாறிவிடும். அதை எதிர்த்துப் பேசவும் முடியாது. நம் நல்லதுக்குத்தானே செய்தார்கள்! மகப்பேறு விடுப்பில் போய் வந்த பெண்களுக்கு இது நடந்ததைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வரும்போது நாற்காலி இருக்கும், முக்கியமான மின்னஞ்சல்களில் அவர்கள் பெயர் இருக்காது.

சட்டத்தையும் புரட்டிப் பார்த்தேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் நோய் விடுப்பு தருகிறது. தற்செயல் விடுப்பு தனியாக 12 நாள். ஈட்டிய விடுப்பையும் சேர்த்தால் நாள் கணக்கு இடிக்காது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பட்டியலிடும் 21 வகைகளில் உடல் பருமன் இல்லை. ஆகவே அந்த வழியில் பாதுகாப்பு தேடுவது வீண். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு விதிகள் மருத்துவ ஆவணங்களை கவனமாகக் கையாள வேண்டிய தனிப்பட்ட தகவல் என்று வகைப்படுத்துகின்றன. நல்ல விதிதான். ஆனால் எங்களைப் போன்ற சிறிய அலுவலகத்தில் ஹெச்.ஆர். மேஜைக்கும் தேநீர் மேஜைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புதான்.

குடலிறக்கம் என்று சொல்லிவிடலாம் என்பது அக்காவின் யோசனை. கேட்க எளிதாக இருந்தது. ஆனால் குடலிறக்கம் சரியானவர் ஓராண்டுக்குள் கால்பங்கு எடையை இழப்பதில்லை. அதுவும் எங்கள் இடத்தில்! மார்பளவில் அரை அங்குலம் கூடினால் துணியைத் தொடாமலே சொல்லிவிடுகிறவர்களுக்கு நடுவே இருபத்தைந்து கிலோவை எங்கே ஒளிப்பது? மூன்றாம் மாதத்தை ஒட்டி முடி வேறு கொட்டும் என்று உணவியல் நிபுணர் முன்னதாகவே சொல்லியிருந்தார். முகம் வற்றி, முடி கொட்டி, காரணமும் தெரியாவிட்டால் நம் ஊரில் அடுத்த ஊகம் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஒன்றுமே சொல்லாமல் விடுப்பெடுத்தாலோ, முப்பத்தெட்டு வயதில் திருமணமான பெண்ணைப் பற்றி வேறொரு ஊகம் தயாராக இருக்கும். இரண்டையும் மறுத்துக்கொண்டு திரிவதற்கு உண்மையைச் சொல்வது குறைந்த வேலை.

மொத்தமாக மறைக்க முடியாது என்பதை இன்ஷூரன்ஸ் முடிவு செய்துவிட்டது. எங்களுக்கு அலுவலகக் குழுக் காப்பீடு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வரையறுத்த பொது விலக்குகளில், அதாவது காப்பீட்டுப் பணம் கிடைக்காதவற்றில், உடல் பருமன் சிகிச்சையும் ஒன்று. ஆனால் விலக்குக்கும் விலக்கு வைத்திருக்கிறார்கள். மருத்துவர் பரிந்துரை இருந்து, வயது 18 நிறைந்து, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த விலக்கு பொருந்தாது. 35 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்குக் கட்டுப்படாத சர்க்கரை நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை போன்ற ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். மற்ற வழிகளில் முயன்று பலிக்காமல் போயிருக்க வேண்டும். பாலிசித் தாளில் இந்தப் பகுதியை வாசித்துவிட்டுத்தான் ஹெச்.ஆர். பார்க்கிற பெண்ணிடம் போனேன். அவரிடம் சிகிச்சையின் பெயரையே சொன்னேன். கூடவே இரண்டு கேள்விகள்: காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதிக் கடிதம் யாருடைய மின்னஞ்சலுக்கு வரும்? பாலிசியைப் புதுப்பிக்கும்போது நம் அலுவலகத்துக்கு வருகிற க்ளெய்ம் பட்டியலில் பெயரும் நோயும் இருக்குமா, தொகை மட்டும் இருக்குமா? அவருக்கே தெரியவில்லை. காப்பீட்டுத் தரகரிடம் கேட்டு, கடிதம் என் சொந்த மின்னஞ்சலுக்கு வரும்படி மாற்றித் தந்தார். இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். கேட்டிருக்க வேண்டும்.

மேலாளர் விஷயம் வேறு. என் இரைப்பையின் அளவு அவருக்கு எதற்கு? அவருக்குத் தேவை தேதியும், என்னால் முடியாதவற்றின் பட்டியலும்தான். “சார், வயிற்றில் லேப்ராஸ்கோப்பி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அவசரமில்லை, ஆனால் தள்ளிப்போடவும் கூடாது” என்று தொடங்கினேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மருத்துவச் சான்றிதழும் அதே சொற்களில் இருக்கும்படி மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். எந்த ஆர்டர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, ஃபிட் சாம்பிளுக்கு யார் பதில் சொல்வார், ஷிப்மெண்ட் எப்போது என்று ஒரு தாளில் எழுதி நீட்டினேன். திரும்பி வந்த பிறகும் ஒரு மாதத்துக்குச் சாம்பிள் மூட்டை தூக்க மாட்டேன், தொழிற்சாலை ஆய்வுக்குப் போக மாட்டேன் என்றும் இருந்தது. கடைசி வரி: இந்த வாடிக்கையாளரை நான் திரும்பி வந்ததும் நானே பார்ப்பேன். அந்த வரியைக் கேட்காமல் எழுதிவிட்டேன். அவர் தாளை இரண்டு முறை வாசித்தார்.

“ஒன்றும் பயப்படும்படி இல்லையே அம்மா?”

“இல்லை சார்.”

அதோடு முடிந்தது. மனிதர் நாகரிகமானவர், எல்லோருக்கும் இப்படி வாய்க்காது. இன்னும் தோண்டுகிற மேலாளர் என்றால், “மருத்துவ விஷயம் சார், வீட்டில் மட்டும்தான் பேசுகிறோம்” என்று சொல்வதாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

என் வேலையைப் பார்த்துக்கொள்ளப் போகிற தோழிக்கு மட்டும் முழுவதும் சொன்னேன். நடு இரவில் வாடிக்கையாளருக்குப் பதில் எழுதப்போகிறவளிடம் அரைகுறையாகப் பேசக் கூடாது.

மேலாளரையும் காப்பீட்டையும் பற்றி யோசித்த அளவுக்கு நான் மதியச் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கவில்லை. உண்மையில் ரகசியம் அங்கேதான் நிற்காது. ஆறு டிபன் பாக்ஸும் ஒன்றாகத் திறக்கிற மேஜை எங்களுடையது. திரும்பி வந்த புதிதில் என் சாப்பாடு மசித்த பருப்பும் முட்டை வெள்ளையும் நாலைந்து கரண்டிதான். மெல்ல மெல்லச் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான். “ஒரு வாய் வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா” என்று பிரியாணியை நீட்டுகிற கையை எத்தனை நாள் தடுப்பது? பிறந்தநாள் கேக்கை வாயில் ஊட்டாமல் விடுவார்களா? “வயிற்றில் ஆபரேஷன், டாக்டர் கணக்காகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்” என்பது சில வாரங்களுக்குத் தாங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த விடையை வைத்துக்கொண்டார்கள். தைராய்டு என்றார் ஒருவர். பேலியோ டயட் என்றார் இன்னொருவர். மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை.

முதலாளியின் விடை நடைப்பயிற்சி. மாலையில் நான் அலுவலகத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடந்து போவதைப் பார்த்திருக்கிறார். அதுவரைக்கும் சரி. ஆனால் சாம்பிள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம், எல்லோர் முன்னாலும், “அந்த அக்காவைப் பாரும்மா, நடந்தே எப்படிக் குறைத்துவிட்டார்! மனசு வேண்டும்” என்றார். நானும் அங்கேதான் நின்றேன். அந்தப் பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இருபது வருடம் நானும் சிரித்திருக்கிறேன். என் மௌனம் இப்போது அவளை அடிக்கிற கோலாக மாறியிருந்தது. சொல்லாமல் இருப்பது என் உரிமை என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் நடந்து குறைக்காத எடைக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

முதலாளியிடம் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணை மாலையில் தனியாகக் கூப்பிட்டு, நடந்ததால் குறையவில்லை, அறுவை சிகிச்சை செய்துகொண்டேன் என்றேன். சத்து மாத்திரைகளை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டியிருக்கிறது, இது எல்லோருக்கும் ஏற்றதும் இல்லை, உனக்கு எது சரி என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். அவள் அழவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. பையை மாட்டிக்கொண்டே கேட்டாள்:

“அக்கா, நம் இன்ஷூரன்ஸில் கொடுத்தார்களா?”

கொடுத்தார்கள் என்றேன். ஹெச்.ஆரிடம் கேட்கும் முன் பாலிசியில் எந்தப் பகுதியை வாசிக்க வேண்டும் என்று அவளுடைய போனிலேயே எடுத்துக் காட்டினேன்.