பச்சை விளக்கு எரிந்தும் தெரியாத டிஸ்க்

நுவரெலியாவில் ஒரு நிறுவனத்தின் சேர்வர் அறையில் எனக்கு அது முதல் மழைக்காலம். சேர்வர் ஒன்றை டிஸ்க்குகள் இருக்கிற சேமிப்பகத்தோடு இணைக்கும் ஃபைபர் சேனல் அட்டைகளில் ஒன்று செத்துப்போனது. இரண்டு அட்டைகள், நடுவில் இணைப்புப் பெட்டிகளாக இரண்டு தனித்தனி சுவிட்சுகள், ஆக இரண்டு பாதைகள் என்று வைத்திருந்ததால் வேலை நிற்கவில்லை. ஆனாலும் ஒற்றைக் காலில் நிற்கிற சேர்வரை அப்படியே விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. கண்டியிலிருந்து வரவேண்டிய அண்ணனால் வர முடியவில்லை. ரம்பொடைப் பக்கம் மண் சரிந்து வீதி அடைபட்டிருந்தது. "தம்பி, ராத்திரி பத்து மணிக்கு மேல சேர்வரை நிறுத்திட்டு நீங்களே மாத்துங்க. நான் போன்ல இருக்கேன்" என்றார்.

மாற்றினேன். அதே இடம், அதே கேபிள், சுவிட்சில் அதே போர்ட். பச்சை விளக்கு எரிந்தது, சேர்வரும் எழும்பியது. அந்தப் பாதையில் மட்டும் டிஸ்க் ஒன்றுகூடத் தெரியவில்லை. கேபிளின் முனையைத் துடைத்தேன். வேறு கேபிள் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரம் போனது. கடைசியில் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "புது அட்டையோட பேரை ஸோன்ல போட்டீங்களா?"

சேமிப்பு வலையமைப்பில், அதாவது எங்கள் பேச்சில் 'சான்', எந்தச் சேர்வர் எந்தச் சேமிப்பகத்தைப் பார்க்கலாம் என்பதைச் சுவிட்சில் எழுதிவைப்பதுதான் ஸோனிங். ஒரே ஸோனுக்குள் இருக்கிறவர்கள்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். புது அட்டை சுவிட்சுக்குள் முறையாகத்தான் நுழைந்திருந்தது, சுவிட்சின் பெயர்ப் பட்டியலிலும் இருந்தது. ஆனால் எந்த ஸோனிலும் அதற்குப் பெயர் இல்லை. விளக்கு சொன்னது வயர் சரி என்பதை மட்டும்தான்.

நான் பிறந்தது தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். எங்களுக்குக் கடிதம் வந்தால் தோட்ட ஆஃபீசுக்குத்தான் வரும். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயம் என்று நாங்கள் இருந்த இடம்தான் எங்கள் அடையாளம். லயத்துக்குள் காம்பரா (அறை) மாறிவிட்டால் கடிதமும் தடுமாறும். அடையாள அட்டை கைக்கு வந்த நாளை அதனால்தான் மறக்கவில்லை. எங்கே போனாலும் கூட வருகிற ஒரு எண். 2016இலிருந்து வருகிற 12 இலக்க எண்ணில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள், பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும்.

ஃபைபர் சேனலிலும் இந்த இரண்டும் உண்டு. உள்ளே நுழையும்போது சுவிட்ச் கொடுக்கிற 24 பிட் முகவரி, எந்தச் சுவிட்ச், எந்தப் போர்ட் என்பதை வைத்து அமைவது. அது லயத்து முகவரி மாதிரி. அட்டையோடு பிறந்து வருவது 64 பிட் உலகளாவிய பெயர். எண்களும் ஏ முதல் எஃப் வரையான ஆங்கில எழுத்துகளும் கலந்து 16 குறிகள், இரண்டிரண்டாக எட்டு ஜோடி. அதற்குள்ளும் செய்தி இருக்கிறது. தயாரிப்பாளருக்கு ஐ.ஈ.ஈ.ஈ. என்ற சர்வதேச தர அமைப்பு கொடுத்த 24 பிட் குறியீடு நடுவில் உட்கார்ந்திருக்கும். 10:00:00:00:சி9 என்று தொடங்கினால் எமுலெக்ஸ் அட்டை, 21:00:00:ஈ0:8பி என்று தொடங்கினால் கியூலொஜிக். பழகிய கண்ணுக்கு ஊர்ப் பெயர் மாதிரி தெரியும்.

சரி, அன்று ராத்திரிக்கு வருகிறேன். அட்டைக்கு ஒரு பெயர், அதன் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனிப் பெயர். ஸோனில் போட வேண்டியது போர்ட்டின் பெயர். அதைப் போனில் வாசித்தேன். மழை இரைச்சலில் பி, டி, ஈ மூன்றும் ஒரே மாதிரிக் கேட்டன. "பதுளையா, டிக்கோயாவா?" என்று கேட்டார் அண்ணன். அப்புறம் அப்படியே வாசித்தோம். பிக்குப் பதுளை, டிக்கு டிக்கோயா, ஈக்கு எல்ல. அவர் ஒவ்வொரு ஜோடியையும் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்த ஜோடிக்குப் போனேன். ஸோனைச் சேமித்து, செயலுக்குக் கொண்டுவந்தேன்.

அப்போதும் டிஸ்க் வரவில்லை. சேமிப்பகத்திலும் இன்னொரு காவல் இருக்கிறது: எந்த டிஸ்க்கை எந்தப் பெயருக்குக் காட்டுவது என்ற பட்டியல். அங்கேயும் பழைய அட்டையின் பெயர்தான். அதையும் மாற்றிய பிறகு இரண்டாவது பாதை உயிர் பெற்றது. மணி ஒன்றே முக்கால்.

போர்ட்டை வைத்து ஸோன் போட்டிருந்தால் சுவிட்சில் கைவைக்கவே வேண்டியிருக்காது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த முறையில் யாராவது கேபிளை மாற்றிச் செருகினால், செருகப்பட்ட வேறு சேர்வருக்கு அந்த உரிமை போய்விடும். பெயரை வைத்துப் போட்டால் போர்ட்டை மாற்றினாலும் உரிமை சேர்வரோடு கூடவே வரும். போர்ட் ஸோனிங்தான் பாதுகாப்பானது என்ற பேச்சும் பழையது. இன்றைய சுவிட்சுகள் பெயர் ஸோனையும் வன்பொருளிலேயே கட்டுப்படுத்துகின்றன. நான் பெயரைத்தான் வைப்பேன், அதுவும் ஒரு ஸோனுக்கு ஒரே ஒரு சேர்வர் போர்ட். அப்போதுதான் ஒரு சேர்வரின் தடுமாற்றம் பக்கத்துச் சேர்வரைத் தொடாது.

தூங்கப் போகலாமா என்று கேட்டேன். "பழைய பேரை எடுத்தீங்களா?" என்றார். எடுக்கவில்லை. அந்த அட்டையை யாராவது திருத்தி வேறொரு சேர்வரில் போட்டால், ஸோனும் சேமிப்பகமும் அதைப் பழைய சொந்தக்காரனென்று நம்பிக் கதவைத் திறந்துவிடும். மறுபடியும் உட்கார்ந்தேன். இரண்டு இடத்திலும் பழைய பெயரை அழித்தேன். புதுப் பெயரைச் சிறு தாளில் எழுதி ராக்கின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டினேன். பி, டி, ஈ மூன்றையும் மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுதினேன்.