சண்டை காணாத போர்க்கப்பல்

மார்ச் 8

இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் போய் ட்ரிங்கோமலி கப்பலைப் பார்த்தேன். எங்கள் திருகோணமலையின் பெயர்தான், வெள்ளைக்காரன் வாயில். பிரித்தானியப் போர்க்கப்பல்களில் இன்னும் மிதப்பவற்றுள் இதுவே மூத்தது. இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்த காலம் அது. பம்பாயில் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா தேக்கால் கட்டி, 1817 அக்டோபர் 12இல் கடலில் இறக்கினார். பார்சி வழக்கப்படி அடிமரத்தில் ஒரு வெள்ளி ஆணி அடித்தார்களாம்.

மார்ச் 9

இரவு நெடுநேரம் வாசித்தேன். கப்பலுக்கு உத்தரவு போனது 1812இல், நெப்போலியனோடு சண்டை மும்முரமாக நடந்தபோது. அதைக் கட்டுவதற்கான வரைபடங்களை ஏற்றி வந்த பிரித்தானியக் கப்பலான ஜாவாவை அந்த டிசம்பரிலேயே பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பலான கான்ஸ்டிடியூஷன் நொறுக்கிவிட்டது. மறுபடி வரைபடம் வந்து, வேலை தொடங்கும்போது 1816 மே. வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்று ஏறக்குறைய ஒரு வருடம்! அந்தத் தாமதம்தான் கப்பலைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். நேரத்துக்கு முடிந்திருந்தால் ஜாவாவின் கதியே இதற்கும் வந்திருக்கலாம்.

முதல் பயணத்தில் செயின்ட் ஹெலினாவில் நின்று, அங்கே சிறையிருந்த நெப்போலியனுக்கு வைத்தியம் பார்த்த ஜான் ஸ்டோக்கோவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. எந்த ஆளோடு மோதக் கட்டினார்களோ, அவருடைய டாக்டர்தான் பயணி! 1819 ஏப்ரல் 30இல் போர்ட்ஸ்மத் சேர்ந்தது. அப்புறம் 1845 வரை சும்மா கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள்.

மார்ச் 11

தேக்கைப் பற்றி. ஓக்கில் இருக்கும் டானிக் அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கின் எண்ணெய் அதைக் காக்கும். அத்தனை வருடம் தண்ணீரில் கிடந்தும் தாங்கியதற்கு இது முக்கியக் காரணம்.

மார்ச் 15

மீதிக் கதை. 1847 முதல் 1850 வரை வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள். 1852 முதல் 1857 வரை பசிபிக். ரஷ்யாவோடு கிரிமியப் போர் நடந்த வருடங்கள்தான், ஆனாலும் பெரிய சண்டை எதுவும் வாய்க்கவில்லை. கனடாவின் மேற்குக் கரையில் இந்தக் கப்பலின் பெயரில் ஒரு நீரிணை இருக்கிறது. திருமலைக்காரர் யாராவது அங்கே படகில் போனால் படம் அனுப்புங்கள்.

பிறகு பயிற்சிக் கப்பல். 1897இல் உடைக்க விற்றார்கள். வீட்லி காப் என்பவர் வாங்கினார். பிளாக்பூலில் உடைந்துபோன தன் கப்பலின் பெயரான ஃபூத்ரோயானை இதற்குச் சூட்டினார். காப்பாற்றினார், சரி, பெயரை ஏன் பறிக்க வேண்டும்? 1992இல்தான் எங்கள் பெயர் திரும்பியது. பழுதுபார்ப்பு 2001இல் முடிந்தது.

இதே வகையைச் சேர்ந்த யூனிகார்ன் ஸ்கொட்லாந்தின் டண்டியில் நிற்கிறது, 1824இல் இறக்கியது. அதுவும் போருக்குப் போனதில்லை. கோடையில் பார்க்க வேண்டும்.