வேலை சிடிசி, விருப்பம் கையுருட்டுத் தேயிலை

கோத்தகிரிப் பக்கத்தில், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் ஒரு தனியார் தொழிற்சாலையில் உதவி டீ மேக்கராக (தேயிலை தயாரிப்பைக் கவனிப்பவராக) பணிபுரிகிறேன். எங்கள் ஆலையில் சிடிசி, அதாவது இயந்திர உருளைகளில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் குருணைத் தேயிலை, தவிர வேறு வகை கிடையாது. வீட்டின் பின்புற மேட்டில் அப்பா காலத்துத் தேயிலைச் செடிகள் கொஞ்சம் நிற்கின்றன. அவற்றின் கொழுந்தைக் கையால் உருட்டி, பால் சேர்க்காமல் குடிக்கத் தகுந்த, இலையைக் கிழிக்காமல் முறுக்கிச் செய்யும் ஆர்த்தடாக்ஸ் தேயிலையை நானே செய்ய வேண்டும் என்பது சென்ற குளிர்காலத்தில் எனக்கு நானே வைத்துக்கொண்ட இலக்கு. வேலைக்கு வெளியே ஒரு நோக்கம் வேண்டும் என்று பலரும் சொல்வதை ஏற்கிறேன். அது வேலையை விட்டு வெகு தூரத்தில்தான் இருக்க வேண்டும் என்று கருதவில்லை. ஆலையில் இலையை எடை போடுபவர் ஒருவர், வாட்டுபவர் ஒருவர், ட்ரையரைப் பார்ப்பவர் இன்னொருவர். ஓர் இலை செடியிலிருந்து கோப்பை வரை போகும் வழி முழுவதும் ஒரே ஆளின் கை வழியாகச் செல்வது அங்கே நடக்காத காரியம். வீட்டில் நடக்கும்.

தொடங்குவதற்கு முன்பே மேலாளரிடம் விவரத்தைச் சொல்லிவிட்டேன். ஆலைக்கு வரும் இலையில் ஒரு பிடிகூட வீட்டுக்குப் போகாது, செய்வதை விற்க மாட்டேன், வார விடுமுறையில் மட்டுமே செய்வேன் என்பவை நானே விதித்துக்கொண்ட நிபந்தனைகள். ஒரே துறையில் வேலையும் பொழுதுபோக்கும் இருக்கும்போது இவற்றைத் தெளிவாக்கிக்கொள்ளாவிட்டால், பின்னால் யாருக்காவது சந்தேகம் வரும். சந்தேகம் வந்தபின் இரண்டுமே கெடும்.

செய்முறையில் என்னை அதிக நாள் பிடித்து வைத்தது, கொழுந்தின் நீரைக் குறைக்க அதை வாட்டும் கட்டம்தான். பறித்த கொழுந்தில் ஏறத்தாழ 77 விழுக்காடு நீர். சிடிசி இயந்திரத்துக்கு அது 70 அளவுக்குக் குறைந்தால் போதும், ஏனெனில் அங்கே உருளைகள் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிவிடும். கையால் உருட்டுவதற்கு இன்னும் வாட வேண்டும். இல்லாவிட்டால் இலை முறுக்கிக்கொள்ளாமல் உடைந்து சாறாக வழியும். கணக்கு எளியதுதான்: 100 கிராம் கொழுந்தில் நீர் நீங்கலாக 23 கிராம் சாரம் இருக்கிறது, எடை 60 கிராமுக்கு இறங்கும்போது நீரின் பங்கு 62 விழுக்காடாக ஆகியிருக்கும். சமையலறையில் இருக்கும் சிறிய மின் தராசு ஒன்று இருந்தால் ஈரப்பதம் பார்க்கும் கருவி தேவையில்லை. மாலையில் மூங்கில் முறத்தில் மெல்லியதாகப் பரப்பி வைத்தால், வறண்ட ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மறுநாள் காலையில் அந்த எடைக்கு வந்துவிடுகிறது. ஆனால் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. அக்டோபர், நவம்பரில் மூடுபனி சன்னலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்போது எடை அசைய மறுக்கும். அந்த மாதங்களில் செய்த தேயிலை எல்லாவற்றிலும் பச்சை வாடை இருந்தது.

வாடிய கொழுந்தைக் கையில் அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டால், அது உடனே சிதறாமல் பந்தாக நின்று மெல்ல விரிய வேண்டும். காம்பை வளைத்தால் சொடுக்கென்று ஒடியக் கூடாது. அதன் பின் முறத்தின் வரிகள் மேல் உள்ளங்கையால் அழுத்தி, ஒரே திசையில் வட்டமாக உருட்டுகிறேன். முதலில் எதுவும் நடக்காததுபோல் தோன்றும். பிறகு இலையின் ஓரங்கள் கறுத்து, உள்ளங்கை பிசுபிசுத்து, விரல் இடுக்குகளில் பழுப்பு நிறம் ஏறும். வெட்டிய புல்லின் மணம் மறைந்து பழ மணம் ஒன்று எழும்பும். அந்தப் பழுப்பு நிறம் மறுநாள் பணிக்குப் போகும்போதும் விரல்களில் இருக்கும், சோப்புக்கு அசையாது.

உருட்டியதை ஈரத்துணி மூடி இரண்டு, மூன்று மணி நேரம் நொதிக்க விடுகிறேன். கசங்கிய இலையின் கேட்டச்சின்கள் என்னும் துவர்ப்புப் பொருள்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, துடிப்பைத் தரும் தியாஃப்ளேவின்களாகவும், நிறத்தையும் கனத்தையும் தரும் தியாரூபிகின்களாகவும் மாறுவது இப்போதுதான். பிறகு மின் அடுப்பில் 100 டிகிரிக்குச் சற்று மேலே வைத்து உலர்த்தினால், 100 கிராம் கொழுந்துக்கு 23, 24 கிராம் தேயிலை தேறும்.

சுவை பார்ப்பதில் ஆலையின் ஒழுங்கு எனக்குப் பெரிதும் உதவியது. 100 மில்லி நீருக்கு 2 கிராம், 6 நிமிடம் என்பது ஐஎஸ்ஓ 3103 என்ற பன்னாட்டுத் தரமுறையின் அளவு. வீட்டிலும் அதை மாற்றுவதில்லை, ஒவ்வொரு முறையும் முந்தைய தேயிலையைப் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிடுகிறேன். எங்கள் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. சமவெளியில் இருக்கும் உறவினர் அதே தேயிலையைப் போட்டுவிட்டு, நான் சொன்னதைவிடத் துவர்ப்பு அதிகம் என்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு நாள் எங்கள் டீ மேக்கர் அண்ணன் தாமாகவே கேட்டு வாங்கிக் குடித்துப் பார்த்தார். “தம்பி, வாசனை நிக்குது. நிறம்தான் கம்மி. உலர்த்துறதுக்கு முன்னாடி இன்னும் கொஞ்ச நேரம் விடுங்க,” என்றார். அவர் சொன்ன பிறகுதான் நொதிக்கும் நேரத்தைக் கூட்டினேன். கோப்பையில் செம்பு நிறம் வரத் தொடங்கியது.

வேலைக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டால், ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். வீட்டுத் தராசின் பழக்கத்தால், ஆலையில் வாட்டும் ட்ரஃபில் (காற்று ஊதும் நீளத் தொட்டியில்) பரப்பும் இலையில் ஒரு கிலோவை வலைப்பையில் போட்டு அங்கேயே வைத்து, ஷிப்ட் மாறும்போது எடை பார்க்கும் முறையை முன்மொழிந்தேன். ஒரு கிலோ 770 கிராம் அளவுக்கு வந்திருந்தால் இலை இயந்திரத்துக்குத் தயார். முன்பு கைப்பதத்தை வைத்தே முடிவு செய்தோம். அனுபவசாலியின் கை பொய் சொல்லாது, ஆனால் மூடுபனி நாளில் இரண்டு அனுபவசாலிகள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். இப்போது எடையும் கையும் சேர்ந்தே முடிவெடுக்கின்றன. இலை கொண்டுவரும் ஓர் அக்கா, முற்றிய இலைக்கு ஏன் விலை குறைக்கிறீர்கள் என்று கேட்டபோது, தரத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசாமல், அவர் மூட்டையிலிருந்தே இரண்டு காம்புகளை எடுத்து வளைத்துக் காட்டி, நார் ஏறிய இலை கையில் எப்படி உருள மறுக்கிறது என்று சொல்ல முடிந்தது. அவருக்குக் கோபம் முழுவதும் தணிந்ததாகச் சொல்ல மாட்டேன்; கேள்விகளின் திசை மாறியது.

விற்கலாமே, நல்ல விலை போகுமே என்று நண்பர்கள் சொல்லத் தவறுவதில்லை. ஒரு விடுமுறை நாளின் பெரும்பகுதியைக் கொடுத்து ஒரு கைப்பிடித் தேயிலை செய்யும் ஒருவனுக்கு அந்த யோசனை பொருந்தாது. மேலும், விலை வந்தால் இலக்கும் வரும், இலக்குகளை நான் ஆலையிலேயே வேண்டிய அளவு பார்க்கிறேன். வீட்டில் ஓர் ஏற்பாடும் செய்துகொண்டோம்: இலை வாடும் இரவு எனக்கு, மறுநாள் மாலை முழுவதும் மனைவியின் தையல் வகுப்புக்கு, அந்த நேரத்தில் குழந்தைகளும் சமையலும் என் பொறுப்பு.

அடுத்து, உருட்டுவதற்கு முன்பே இரும்பு வாணலியில் கொழுந்தை வதக்கி, நொதிக்க விடாமல் நிறுத்தும் க்ரீன் டீயைச் செய்து பார்க்க இருக்கிறேன். இங்கே குளிர்காலக் கொழுந்து மெதுவாக வளர்வதால் மணம் கூடுதல் என்பது தோட்டத்துக்காரர்களின் அனுபவம். எனவே ஜனவரியில், உறைபனி விழாத மேற்கு வரிசைச் செடிகளிலிருந்து தொடங்குவதாகத் திட்டம். வாணலியின் சூட்டை அளக்க ஒரு வெப்பமானி மட்டும் இன்னும் வாங்க வேண்டியிருக்கிறது.