அக்னி நட்சத்திரத்தில் ஓவர்கிளாக்

இன்டெல் ஐ5-9600கே பிராசஸரை ஓவர்கிளாக் செய்து, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஏற்றி, ஓட்டிப் பார்த்த அளவுகள் நோட்டில் நிறையச் சேர்ந்துவிட்டன. தை மாதப் பனியிலும் அளந்தாயிற்று, மே மாத வெயிலிலும் அளந்தாயிற்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் ஒன்று உறுதியாகிவிட்டது: எவ்வளவு சூடு வரை போகலாம் என்பதை எங்கள் பக்கத்தில் மே மாத மதியத்தில்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் பக்கம் என்றால் பொதட்டூர்பேட்டை. கொஞ்சம் தள்ளினால் ஆந்திரா. கம்ப்யூட்டர் இருப்பது மாடி அறையில், ஏசி கிடையாது. தளம் பகல் முழுக்க வாங்கிய வெயிலை ராத்திரி வரை இறக்கிக்கொண்டே இருக்கும்.

இந்தச் சிப்புக்கு இன்டெல் சொல்லும் உச்ச வரம்பு 100 டிகிரி. அதுவரை தாராளமாகப் போகலாம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். அங்கே போய் நின்றால் ஓவர்கிளாக் செய்த பலனே இல்லை. அதிக வோல்டேஜும் அதிகச் சூடும் சேர்ந்து நெடுநாள் நீடித்தால் உள்ளே இருக்கும் நுண்ணிய உலோக இணைப்புகளும் தேயும். அதனால் என் கணக்கு இது: எவ்வளவு கடுமையான சோதனையிலும் 85க்குள். எடிட்டிங் மாதிரி தினசரி வேலையில் 75 பக்கம். சும்மா இருக்கும்போது காட்டும் சூட்டை நான் பார்ப்பதே இல்லை. இந்த சென்சார்கள் உச்ச வரம்பை நெருங்கும்போதுதான் சரியாகச் சொல்லும்.

பழைய சிப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐ5-2500கே மாதிரியான சிப்புக்கு 72.6 டிகிரி என்று போட்டிருக்கும். அது சிப்பின் மேலே இருக்கும் உலோக மூடிக்கான அளவு. மென்பொருள் காட்டுவது உள்ளே கணக்குப் போடும் கோரின் சூடு. இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்பட வேண்டாம்.

இனி அளவுகள். ஆறு கோரும் சேர்ந்து ஓடும்போது இதன் இயல்பான வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ், என் சிப்புக்கு அதற்கு 1.15 வோல்ட் போதுமாக இருந்தது. மல்டிபிளையரை (அடிப்படை 100 மெகாஹெர்ட்ஸை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) 48 ஆக்கி, அதாவது 4.8 கிகாஹெர்ட்ஸ் வைத்து, 1.25 வோல்ட் கொடுத்தேன். சோதனைக்கு பிரைம்95 என்ற மென்பொருள், அதில் சிப்பைக் கடுமையாகச் சூடாக்கும் ஸ்மால் எஃப்எஃப்டி. தை மாத ராத்திரி, அறையில் 24 டிகிரி. சிப் 67இல் நின்றது. அதே அமைப்பு மே மதியம், அறையில் 38, சிப் 83. அறை 14 ஏறினால் சிப் 16 ஏறுகிறது. சூடாக ஆக டிரான்சிஸ்டர்களில் கசியும் மின்சாரமும் கூடும். அந்தக் கூடுதல் இரண்டு டிகிரி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

5.0 கிகாஹெர்ட்ஸுக்கு என் சிப் 1.35 வோல்ட் கேட்டது. தையில் 79, அழகாக ஓடியது. மேயில் 96, நடுவில் ஒரு கோர் 100ஐத் தொட்டு வேகம் இறங்கியது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. வேகம் ஏறும் விகிதத்தில் சிப் வெளியிடும் வெப்பம் ஏறும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தில் ஏறும். 4.3இலிருந்து 4.8 போனால் 12 சதவீத வேகத்துக்குச் சுமார் 32 சதவீதம் அதிக வெப்பம். 5.0 போனால் 16 சதவீத வேகத்துக்கு 60 சதவீதம். கடைசி 200 மெகாஹெர்ட்ஸுக்கு இவ்வளவு விலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு விஷயம், பஞ்சு. இரண்டு வீடு தள்ளி விசைத்தறி ஓடுகிறது. 83 காட்டிய அதே அமைப்பு சில வாரத்தில் 91 காட்டவே கேபினெட்டைத் திறந்தேன். சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் டவர் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே, ஃபேன் காற்றைத் தள்ளும் பக்கத்தில், வெள்ளையாக ஒரு படலம். விரலால் பிடித்து இழுத்ததும் துணி மாதிரி முழுசாக உரிந்து வந்தது. பெயின்ட் பிரஷால் மீதியைத் தட்டிவிட்டு மூடினேன், மறுபடி 83. சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட்டைத் தொடவே இல்லை. ப்ளோயர் வைத்து ஊதுபவர்கள் ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். இல்லாவிட்டால் காற்றின் வேகத்தில் கண்டபடி சுழன்று பேரிங் போய்விடும். தறி ஓடும் தெருவில் இருப்பவர்கள் முன்பக்கத்தில் ஒரு ஃபில்டர் வலை போட்டே ஆக வேண்டும்.

இப்போது பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போதே திறக்கும் செட்டிங்ஸ் பகுதி) இரண்டு அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து மாசி வரை 4.8, 1.25 வோல்ட். பங்குனி பிறந்தால் 4.7, 1.20 வோல்ட், மே மதியத்தில் இது 78இல் நிற்கிறது. அடுத்து 4.7ஐ 1.18 வோல்ட்டில் நிறுத்த முடியுமா என்று பார்க்கப் போகிறேன். பிரைம்95 பிழை காட்டாமல் ஒரு மதியம் முழுக்க ஓடினால் அந்த அளவையும் எழுதுகிறேன்.