இடையில் இருந்த 65 செ.மீ.

வலது கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்த நான்காம் நாள் கணினியைத் திறந்தேன். திரையைப் பார்ப்பதால் புது லென்ஸுக்குக் கெடுதல் ஒன்றுமில்லை, கண் சோர்ந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முதலில் திகைக்க வைத்தது நிறம்தான். வெற்றுப் பக்கம் நீலம் போட்டு வெளுத்த துணி போல இருந்தது. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் அதே பக்கம் பழுப்பேறிய தாள். இத்தனை வருடமாக அந்தப் பழுப்பைத்தான் வெள்ளை என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்!

எழுத்துதான் தெரியவில்லை. எனக்கு வைத்தது தூரப் பார்வைக்கான லென்ஸ். எதிர்ச்சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள் துல்லியமாகத் தெரிகிறது. மூக்குக்கு முன்னால் இருக்கும் மின்னஞ்சல் கலங்கித் தெரிகிறது. படிப்பதற்கான +2.50 கண்ணாடியை வாங்கி மாட்டினேன். அது 40 செ.மீ. தொலைவில் பிடிக்கும் புத்தகத்துக்கானது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆமை மாதிரி கழுத்தை நீட்டி நீட்டி இரண்டு நாள் வேலை பார்த்தேன். கண்ணுக்கு வைத்தியம் பார்க்கப் போனவன் கழுத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் நாடாவை எடுத்து அளந்தேன்: கண்ணுக்கும் திரைக்கும் இடையே 65 செ.மீ. மறுபரிசோதனையில் அதைச் சொன்னதும், திரைக்கு +1.50 போதும் என்றார்கள். பவர் நிலைப்பட்ட பிறகு, ஆறாவது வாரத்தில்தான் நிரந்தரக் கண்ணாடி.

மூன்றாவது வாரம் மணல் விழுந்தது போல உறுத்தல். தொற்றோ என்று பதறிப்போய்க் காட்டினேன், வெறும் உலர்ச்சி. அறுவையில் கருவிழியின் நுண்ணிய நரம்புகள் அறுபடுவதால் கொஞ்ச காலம் அப்படி இருக்குமாம். அதோடு, திரையைப் பார்க்கும்போது நாம் இமைக்க மறந்துவிடுகிறோம். மகளை எண்ணச் சொன்னேன்: ஒரு நிமிடத்தில் நான்கே தடவை. சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது பதினைந்தைத் தாண்டியது. செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து உதவியது. அதைவிட உதவியது, திரைக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த இரண்டு தடித்த அகராதிகளை உருவியது. பார்வை தாழ்ந்தால் இமையும் தாழ்கிறது. காற்றுபடும் பரப்பு குறைகிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தூரத்தில் பார் என்ற விதியை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்ததில்லை. மணி அடித்தால் அணைத்துவிடுவேன்.

அடுத்த மாதம் இடது கண். அந்த லென்ஸைத் திரைத் தூரத்துக்கே பொருத்தமாக வைக்க முடியுமா என்று இந்த முறை முன்கூட்டியே கேட்கப்போகிறேன். 65 என்று எழுதிய சீட்டு மருந்துப் பையில் இருக்கிறது.