கருங்கல்லும் குவார்ட்சைட்டும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சாலையோரம் அம்மி கொத்திக்கொண்டிருந்தவரின் உளியடியில் கருங்கல் தூளாகவே உதிர்ந்தது. கூரான சில்லு ஒன்றுகூட எழவில்லை.

மணற்கல் இறுகி உருவாகும் குவார்ட்சைட் என்ற கடினக் கல் அப்படியன்று.

சரியான கோணத்தில் தட்டினால் கத்திபோல் விளிம்புள்ள சில்லாகப் பெயரும். சென்னைக்கு அருகே கொசஸ்தலை ஆற்றுப் படுகையிலுள்ள அதிரம்பாக்கத்தில், ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அக்கல்லில் கைக்கோடரி செய்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள்.

அதே இடத்தில் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன், மூலக்கல்லை முதலில் செதுக்கிப் பக்குவப்படுத்தி, வேண்டிய வடிவில் சில்லைப் பெயர்த்தெடுக்கும் லெவல்லுவா முறை தோன்றுகிறது.

கருவி செய்யும் முறை இப்படி மாறியதற்குப் பருவமழையின் ஏற்ற இறக்கம் மட்டுமே காரணம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. ஏனெனில், சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் டோபா எரிமலை வெடித்து, ஆந்திரத்தின் ஜ்வாலாபுரம் வரை படிந்த சாம்பலுக்குக் கீழும் மேலும் கிடைத்த கருவிகள் பெரிதும் ஒத்திருக்கின்றன. பருவநிலையைக் குலைத்திருக்கக்கூடிய அந்த வெடிப்பும் அங்கே கருவி முறையைப் பெரிதாக மாற்றவில்லை.