வாளி அங்கே, தம்பி இங்கே

ஜனவரி 11, 2025, சனி

தம்பி இன்று காலை முதல் பஸ்ஸில் ஏற்காடு மலையேறி வந்து சேர்ந்தான். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தூங்கியே கடந்திருக்கிறான். பையை இறக்கியதும் நேராகக் காப்பித் தொட்டியருகே வந்து நின்று, “அக்கா, ஒரு தப்பு செய்துவிட்டேன்” என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடைசியில் பார்த்தால் விஷயம் பீர்.

டிசம்பர் 14 அன்று, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் தன் வீட்டுச் சமையலறையில் மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) காய்ச்சி, கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் பூ போட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் தூவி, வாளியில் மூடி வைத்தானாம். 20 லிட்டர். ஆண்டு பிறந்த கையோடு பாட்டிலில் அடைத்திருக்கலாம். பாட்டில் கழுவச் சோம்பல். அப்படியே விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டான். திரும்பப் போக இன்னும் மூன்று வாரம்.

அங்கே இது குற்றமில்லை. 2024 முதல் ஆண்டுக்கு 500 லிட்டர் வரை வீட்டுக்கென்று வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாமாம். இங்கே ஒரு லிட்டர் காய்ச்சினாலும் சட்டப்படி குற்றம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலாக நடைமுறைக்குக் கொண்டுவந்ததே எங்கள் சேலம் மாவட்டத்தில்தான். அதனால் இருவரும் குரலைத் தாழ்த்தியே பேசினோம். அம்மா காதில் “புளிக்க வைத்தது” என்பது மட்டும் விழுந்தது. “நாலு வாரமாகவா மாவைப் புளிக்க விட்டிருக்கிறாய்? போனதும் முதலில் பாத்திரத்தோடு தூக்கிப் போடு” என்றார். நாங்கள் திருத்தவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

நேற்று மாலை பல்பர் இயந்திரத்தில் பழத்தோல் நீக்கி, மேலே ஒட்டியிருக்கும் வழவழப்பு நொதித்துக் கழலட்டும் என்று தொட்டியில் விட்ட காப்பிக் கொட்டைகளைத் தம்பி மணிக்கொரு முறை போய்ப் பார்க்கிறான். அராபிகா வகைக் காப்பிக்கு 24 முதல் 36 மணி நேரம் என்பது கணக்கு. ஏற்காட்டின் ஜனவரிக் குளிரில் சில நாள் இன்னும் கொஞ்சம் இழுக்கும். ஒரு பிடி அள்ளித் தேய்த்துப் பார்க்க வேண்டும். வழவழப்புப் போய்க் கூழாங்கல்லைத் தேய்ப்பதுபோலக் கரகரவென்று இருந்தால் உடனே கழுவிவிட வேண்டும். குச்சியைச் செருகி எடுத்தால் துளை மூடாமல் அப்படியே நிற்கும். அதுவும் ஓர் அடையாளம்.

“உன் வாளிக்குள் கைவிட்டுப் பார்க்க முடியுமா?” என்று கேட்டேன். கைவிட்டால் கெட்டதாம். அவனிடம் திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் இருக்கிறது. பால் சொசைட்டியில் பாலை அளக்கும் மானியின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். காய்ச்சிய அன்று 1.050 காட்டியது, சர்க்கரையை ஈஸ்ட் தின்னத் தின்ன இறங்கும். கிளம்புவதற்கு முன் இரண்டு நாள் இடைவெளியில் அளந்தபோது இரண்டு முறையும் 1.012. ஆகவே நொதிப்பு முடிந்துவிட்டது. குமிழி நின்றுவிட்டதே என்று நம்பி அடைக்கக் கூடாதாம். சர்க்கரை மிச்சமிருந்தால் அது பாட்டிலுக்குள் நொதித்து, வாயு சேர்ந்து, கண்ணாடி வெடிக்கும்.

நுரை அடங்கிய அன்றே அடைத்தாலும் சரியில்லை. ஈஸ்ட் தன் வேலையின் ஊடே விட்டுப்போன வெண்ணெய் வாசனையையும் பச்சை ஆப்பிள் வாசனையையும் பிறகு தானே தின்று தீர்க்குமாம். அதற்குத்தான் இரண்டு, மூன்று வாரம் விடுவது. தான் போட்ட குப்பையைத் தானே பெருக்கும் வேலைக்காரன் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

அப்படியானால் எவ்வளவு நாள்தான் விடலாம்? குளிர்ந்த அறையில் ஒரு மாதம் என்பது பயமே இல்லை, இரண்டு மாதமும் பெரும்பாலும் தாங்கும் என்கிறான். அதற்கு மேல் அடியில் படிந்த ஈஸ்ட் செத்து உடையத் தொடங்கும். இறைச்சிச் சாறுபோல, ரப்பர்போல வாடை வரும். ஆலைகளில் உயரமான தொட்டிகளின் அடியில் அழுத்தமும் சூடும் சேர்வதால் இது சீக்கிரம் நடக்கும். வாளியில் அவ்வளவு சுமை இல்லை. அவன் பயமெல்லாம் காற்றைப் பற்றித்தான். மூடியில் செருகிய ஏர்லாக்கில், அதாவது உள்வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றைத் தடுக்கும் சின்னக் குழாயில், கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. ஹீட்டர் ஓடும் அறையில் அது வற்றிவிட்டால் காற்று உள்ளே போகும். நனைந்த அட்டைப்பெட்டி ருசி வரும். துரதிர்ஷ்டம் இருந்தால் வினிகரே ஆகிவிடும்.

இரவு ஒன்பது மணிக்குக் கொட்டை கரகரத்தது. இருவருமாகக் கழுவினோம். விரல்கள் விறைத்துவிட்டன.

ஜனவரி 16, வியாழன்

என் பங்குக்கு நானும் சொதப்பினேன். பழம் உதிர்கிறதே என்று 13ஆம் தேதி பறித்து, அன்று மாலையே தொட்டியில் விட்டேன். பொங்கலுக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் ஆட்கள் வரமாட்டார்கள் என்பது தெரியாதா எனக்கு? வீட்டில் விருந்தாளிகள், கோலம், கரும்பு. இன்று காலை தொட்டிப் பக்கம் போனபோது வாடையே சொல்லிவிட்டது. ஏறக்குறைய 60 மணி நேரம். இப்படி மிகையாகப் புளித்த கொட்டை கொஞ்சம் கலந்தாலும் நல்ல காப்பி நாறிவிடும். நாற்பது கிலோவையும் களத்தின் கோடியில் தனியாகப் பரப்பியிருக்கிறேன்.

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு வாரியைப் பிடித்துக் கிளறினான். அது அதைவிட மோசம்.

ஜனவரி 22, புதன்

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவரை வீடியோவில் அழைத்தான். ஏர்லாக்கில் தண்ணீர் பாதிதான் இருந்தது. கொதித்து ஆறிய நீரை ஊற்றச் சொன்னான். அவர் ஊற்றிவிட்டு, மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கட்டுமா என்று ஆசையாகக் கேட்டிருக்கிறார். “நைன்! நைன்!” என்று இவன் போட்ட சத்தத்தில் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார். ஒன்பதா, என்ன ஒன்பது என்று எனக்கும் அப்போது விளங்கவில்லை. ஜெர்மனில் ‘வேண்டாம்’ என்று அர்த்தமாம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஊர் போய்ச் சேர்ந்து வாளியைத் திறந்துவிட்டான். 52ஆவது நாள். மேலே ஆடை கட்டவில்லை, புளிப்பு வாடை இல்லை, பீர் தெளிந்து நிற்கிறது. மானி 1.011. ஹாப்ஸ் மணம் மட்டும் நன்றாகக் குறைந்துவிட்டது என்று வருத்தப்பட்டான். அடி வண்டல் கலங்காமல் குழாய் வைத்து இறக்கி, நுரைக்கு வேண்டிய வாயுவுக்காக அளவாய் லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்த்தானாம். ஈஸ்ட் பெரும்பாலும் படிந்துபோயிருக்குமே என்ற சந்தேகத்தில் புது ஈஸ்ட்டும் ஒரு சிட்டிகை. வாயு ஏற இன்னும் இரண்டு வாரம் அறைச் சூட்டில் இருக்க வேண்டும்.

கழுவி வைத்த அரை லிட்டர் பாட்டில்கள் 34தான் இருந்தன. வண்டலோடு விட்டது போக மிஞ்சிய ஒரு லிட்டரை நுரையில்லாமலே குடித்துவிட்டான்.

அம்மாவிடம் மாவு கெடவில்லையாம் என்று சொன்னேன். நம்பவில்லை.